கையால் ஒரு பூல் கியூ செய்வது: எங்கே அவசரப்படக் கூடாது

கையால் செய்த கியூவை, அதாவது பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோலை, வாங்கியதும் எல்லாரும் பார்ப்பது முன்பகுதியில் ஓடும் பாயிண்ட் எனும் கூர்கூரான மர முனைகளை, வெனீர் எனும் மெல்லிய மரத்தாள்களின் நிறங்களை, வெள்ளி வளையங்களை. செய்கிறவர் கவலையெல்லாம் வேறு. ஷாஃப்ட் எனும் முன்துண்டுக்கு எடுத்த மேப்பிள் மரம் எத்தனை மாதம் சும்மா தொங்கியது, பட் எனும் பின்துண்டின் நடுவில் இரண்டு மரம் சேரும் இடத்தில் பசை முழுசாகப் பிடித்ததா, இரண்டு துண்டையும் இணைக்கும் ஜாயிண்ட் பின் மையத்தில் நிற்கிறதா. இந்த மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் ஒரு வேலைப்பாடும் இல்லாத மொட்டைக் கியூவே அருமையாக ஆடும். அமையவில்லை என்றால் மேலே எவ்வளவு நகாசு செய்தாலும் வீண். அதனால் இந்தக் குறிப்பிலும் காத்திருக்க வேண்டிய இடங்களுக்கு நிறைய எழுதியிருக்கிறேன், அலங்காரத்துக்குக் கொஞ்சம்தான்.

கையால் செய்வது என்றால் உளியும் இழைப்புளியும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஸ்னூக்கர் கியூக்களை இன்றும் இழைப்புளியால் இழைத்துச் செய்கிறவர்கள் உண்டு, அது வேறு மரபு. பூல் கியூ லேத்தில், அதாவது மரத்தைச் சுற்றவிட்டுக் கடையும் எந்திரத்தில், பிறப்பது. எந்த மரம், எவ்வளவு ஆழம் வெட்டுவது, இன்று வெட்டுவதா இன்னும் இரண்டு வாரம் விடுவதா என்று ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஆள் பார்த்து முடிவு செய்கிறார் பாருங்கள், கைவேலை என்பது அங்கேதான் இருக்கிறது.

உறுப்புகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். வழக்கமான பூல் கியூ 58 அங்குலம், கிட்டத்தட்ட 147 செ.மீ.; நடுவில் கழற்றக்கூடிய இரண்டு துண்டு. எடை 18 முதல் 21 அவுன்ஸ், அதாவது 510 முதல் 595 கிராம் வரை. முன்துண்டு ஷாஃப்ட், அதன் நுனியில் ஃபெரூல் எனும் வெள்ளை உறை, அதன் தலையில் தோல் டிப். பின்துண்டு பட்: ஜாயிண்ட்டை அடுத்து ஃபோர்ஆர்ம், பிறகு கை பிடிக்கும் ஹேண்டில், பிறகு பட் ஸ்லீவ், கடைசியில் மூடியும் ரப்பர் பம்பரும். உலக பூல் சங்கத்தின் விதி கேட்பது கொஞ்சம்தான்: நீளம் 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, எடை 25 அவுன்ஸைத் தாண்டக் கூடாது, டிப் 14 மி.மீ.க்கு மேல் அகலமாக இருக்கக் கூடாது. அதற்குள் உங்கள் இஷ்டம்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், டிப் மாற்றுவதிலிருந்து. சிரிக்காதீர்கள். பழைய கியூக்களுக்கு டிப் மாற்றிக் கை பழகிய பிறகு ஃபெரூல், அதன் பிறகு தனி ஷாஃப்ட், கடைசியாகத்தான் பட். நேராகப் பாயிண்ட் வைத்த பட்டில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மரத்தைத்தான் கெடுக்கிறார்கள்.

மரம்

ஷாஃப்ட்டுக்கு ஹார்டு மேப்பிள். வட அமெரிக்காவின் சர்க்கரை மேப்பிள் மரம், அதிலும் உள்ளே இருக்கும் பழுப்பு வைரப்பகுதி அல்ல, வெளியே இருக்கும் வெள்ளை மரம். கெட்டி, விறைப்பு, தேய்த்தால் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகும், கைக்கும் மரத்துக்கும் இடையில் ஒட்டாது. ஆண்டு வளையங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும், அங்குலத்துக்குப் பத்துக்கு மேல் இருந்தால் நல்லது என்பார்கள். என் கருத்தில் வளையத்தை எண்ணுவதைவிட முக்கியமானது ரேகையின் ஓட்டம். ரேகை ஒரு முனையில் தொடங்கி மறு முனை வரை பக்கவாட்டில் வெளியேறாமல் ஓட வேண்டும். பாதியில் வெளியேறினால் அந்த இடத்தில் ஷாஃப்ட் பலவீனம், இன்றைக்கு இல்லை என்றாலும் என்றைக்காவது வளையும். கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை என்றால் சீவிய பக்கத்தில் ஒரு சொட்டு மையை விடுங்கள். மை நாரின் போக்கிலேயே ஊறிப் பரவும், கட்டையின் விளிம்புக்கு இணையாகப் போகிறதா சரிவாகப் போகிறதா என்று தெரிந்துவிடும்.

ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதத்துக்குள் இருக்கட்டும். மரம் விற்கிறவர் காய்ந்தது என்று சொன்னாலும் மீட்டரில் நீங்களே ஒரு முறை பாருங்கள். அதன் பிறகும் உங்கள் பட்டறைக் காற்றுக்குப் பழக அதைச் சில வாரம் விட வேண்டும்.

பட்டுக்கான மரம் என்று வரும்போது ஆசை பெரிதாகும். கருங்காலி, கோகபோலோ, பர்ப்பிள்ஹார்ட், பறவைக்கண் புள்ளி போட்ட மேப்பிள், அலையடிக்கும் கர்லி மேப்பிள் என்று பட்டியல் நீளம். இங்கே இரண்டு விஷயம். ஒன்று சட்டம்: பிரேசில் ரோஸ்வுட் 1992 முதலே அழியும் உயிரினங்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது, 2017இல் ரோஸ்வுட் இனம் மொத்தமும் கண்காணிப்புப் பட்டியலுக்குள் வந்துவிட்டது, ஆகவே எல்லை தாண்டி வாங்குவதாக இருந்தால் காகிதங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். யானைத் தந்தம் பற்றிப் பேசவே வேண்டாம். இரண்டாவது உங்கள் நுரையீரல்: கோகபோலோவின் தூள் பலருக்குத் தோலில் தடிப்பையும் மூச்சு இரைப்பையும் கிளப்பும், முதல் நாள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டுப் பிறகு ஒரு நாள் திடீரென்று ஆரம்பிக்கும். தூசு உறிஞ்சியும் முறையான மூச்சுக்கவசமும் இல்லாமல் அந்த மரத்தை லேத்தில் ஏற்றாதீர்கள்.

ஷாஃப்ட்: வெட்டு, தொங்கவிடு, மறுபடி வெட்டு

ஒரு அங்குலச் சதுரக் கட்டை, 30 அங்குல நீளம். முதலில் இரு முனையிலும் மையம் குத்தி உருளையாக்க வேண்டும். அதன் பிறகு டேப்பர், அதாவது நுனி நோக்கி மெலியும் சரிவு. கியூ லேத்தில் மரம் மெதுவாகச் சுற்றும், வெட்டுவது அதிவேகத்தில் சுழலும் ரவுட்டர் பிளேடு. அது ஒரு சரிவான வழிகாட்டிப் பட்டையின் மேல் ஊர்ந்து போகும். அந்தப் பட்டையின் சரிவுதான் உங்கள் ஷாஃப்ட்டின் சரிவு. சாதாரண உளியை வைத்துக் கடைந்தால் மெல்லிய மரம் உளியின் அழுத்தத்தில் நடுவில் விலகி ஓடும், சுற்றும்போது துடிக்கும். அதனால்தான் இந்த ஏற்பாடு.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். மரத்துக்குள் இழுவிசை இருக்கிறது. வெளிச்சதையை நீக்க நீக்க உள்ளே இருந்த சமநிலை கலைந்து மரம் தன் இஷ்டத்துக்கு வளையப் பார்க்கும். ஒரே நாளில் 25 மி.மீ.யிலிருந்து 13 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் அன்று மாலை அம்பு மாதிரி நேராக இருக்கும், அடுத்த மாதம் வில் ஆகிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரு மி.மீ. அளவுக்கு மட்டும் எடுத்துவிட்டு, ஷாஃப்ட்டைச் செங்குத்தாக, எங்கும் சாயாமல், ஒரு முனையில் கட்டித் தொங்கவிடுங்கள். சில வாரம் கழித்து எடுத்து லேத்தில் சுற்றிப் பாருங்கள். வளைந்திருந்தால், இன்னும் கனம் மிச்சம் இருக்கும் நிலையில், மையத்தைப் புதிதாகக் குத்தி அடுத்த வெட்டில் அந்த வளைவை எடுத்துவிடலாம். இறுதி அளவுக்கு அருகில் வந்த பிறகும் வளைகிறது என்றால் அதை ஒதுக்குங்கள். சூடு காட்டியோ முழங்காலில் வைத்து அழுத்தியோ நிமிர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது நிமிரும், அப்புறம் முன்போலவே திரும்பிப் போகும். கடைசி இரண்டு மூன்று வெட்டுகள் கால் மி.மீ.க்கும் குறைவாக இருக்கட்டும். முதல் வெட்டிலிருந்து கடைசி வெட்டு வரை ஆறு மாதம், ஒரு வருடம் என்று போவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம், அதனால்தான் செய்கிறவர்கள் ஒரு ஷாஃப்ட்டாகச் செய்வதில்லை, முப்பது நாற்பதை ஒன்றாகத் தொங்கவிட்டு வரிசையாக எடுக்கிறார்கள். நீங்களும் குறைந்தது ஐந்தாறு கட்டையோடு ஆரம்பியுங்கள். சிலது போகத்தான் போகும்.

தேறியவற்றில் எது நல்லது என்று பார்க்க ஒரு பழைய வழி தட்டிப் பார்ப்பது. சீரான ஒரு கோலை அதன் முனையிலிருந்து நீளத்தில் 22 சதவீதம் தள்ளி இரு விரலால் லேசாகப் பிடித்தால் அந்த இடம் அதிர்வில் அசையாத புள்ளி, அதனால் ஒலி அமுங்காமல் கேட்கும். ஷாஃப்ட் ஒரு பக்கம் மெலிந்தது என்பதால் புள்ளி சற்று நகரும், முன்னே பின்னே பிடித்துப் பார்த்து எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கே வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்து நீளும் ஓசை விறைப்பான மரத்துக்கு அடையாளம். மந்தமாக டொக்கென்று அடங்கினால் அது கொஞ்சம் தொளதொளப்பான மரம். இதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், எடையும் பாருங்கள்: முடிந்த ஷாஃப்ட் 100 முதல் 115 கிராமுக்குள் வந்தால் மகிழ்ச்சி.

டேப்பர் எப்படி இருக்க வேண்டும் என்பது ஆடுகிறவரைப் பொறுத்தது. நுனியிலிருந்து 10 முதல் 15 அங்குலம் வரை ஏறக்குறைய ஒரே தடிமனாக வந்து அதன் பிறகு பருப்பதை ப்ரோ டேப்பர் என்பார்கள். விரலை வளையமாக்கி மூடிய பிரிட்ஜில், அதாவது மேசையில் ஊன்றிக் கியூவைத் தாங்கும் கையின் பிடியில், ஆடுகிறவருக்குக் கைக்குள் தடிமன் மாறாமல் ஓடும். நுனியிலிருந்தே கூம்பாகப் பருத்துக்கொண்டு போவது இன்னொரு வகை. விறைப்பு அதிகம், பிரிட்ஜ் குட்டையாக இருப்பவருக்கும் திறந்த பிரிட்ஜில் ஆடுகிறவருக்கும் ஒத்துவரும். யாருக்குச் செய்கிறீர்களோ அவர் ஆடுவதைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வெட்டுங்கள், அளவு எழுதிக் கொடுத்த சீட்டைவிட அது அதிகம் சொல்லும்.

நுனி: ஃபெரூலும் டிப்பும்

பந்தின் இடப்பக்கம் அடித்தால் பந்து குறிவைத்த கோட்டிலிருந்து கொஞ்சம் வலப்பக்கமாக விலகிப் போகிறது. டிப் பந்தைத் தொட்டிருக்கும் நேரம் விநாடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. அந்த நேரத்துக்குள் பக்கவாட்டு அதிர்வு ஷாஃப்ட்டின் முன் சில அங்குலத்தைத் தாண்டிப் போவதில்லை, ஆகவே அந்தச் சில அங்குலத்தின் எடை எவ்வளவோ அவ்வளவுக்குப் பந்து தள்ளப்படுகிறது. ஷாஃப்ட் வளைந்து கொடுப்பதால்தான் விலகல் குறைகிறது என்று பலர் சொல்வார்கள், உண்மையில் கணக்கு நுனியின் எடையில்தான் இருக்கிறது. 1990களில் பிரிடேட்டர் நிறுவனம் துண்டு துண்டாக ஒட்டி நுனிக்குள் குடைந்த ஷாஃப்ட்டைக் கொண்டுவந்ததும் இதே கணக்கை வைத்துத்தான். ஒற்றை மரத்தில் செய்கிற நமக்கும் வழி இருக்கிறது: ஃபெரூலைப் பழைய பாணியில் 25 மி.மீ. நீளம் வைக்காமல் பாதியாகக் குறைப்பது, எடை குறைந்த பொருளில் செய்வது, டிப்பை 12.5 மி.மீ. அளவுக்கு இறக்குவது. நுனிக்குள் மெல்லிய துளை போடுவதும் உண்டு, ஆனால் துளை ஒரு நூல் விலகினாலும் ஷாஃப்ட் பாழ், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃபெரூல் உட்காரும் மரக்குமிழை லேத்தில் கடைந்து, ஃபெரூல் இறுக்கமாக ஆனால் பலவந்தமில்லாமல் போய் உட்காரும்படி செய்யுங்கள். அடியில் இடைவெளி இருந்தால் சில மாதத்தில் அங்கே டிப்பில் தடவும் நீலச் சாக்பீஸ் தூள் கோடாகத் தெரியும், பிறகு விரிசல். பசைக்கு எபாக்சி போதும்.

டிப் ஒட்டும்போது ஃபெரூலின் முகம் தட்டையாக இருக்கிறதா என்று லேத்தில் லேசாகச் சீவி உறுதி செய்யுங்கள். டிப்பின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஜெல் வகைச் சூப்பர் குளூ ஒரு சொட்டு, அழுத்தம், காத்திருப்பு. விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் தோலைச் சீவும்போது ஃபெரூலைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், பிளேடு ஃபெரூலில் பட்டால் அந்தக் கீறல் போகவே போகாது. பக்கச் சுவரை ஈரம் தொட்டு ஒரு தோல் துண்டால் வேகமாகத் தேய்த்தால் கெட்டிப்பட்டுப் பளபளக்கும். இதைச் செய்யாத டிப் ஒரு வாரத்தில் காளான் மாதிரி விரியும். வளைவு கிட்டத்தட்ட 9 முதல் 10.5 மி.மீ. ஆரம் இருந்தால் சாதாரண ஆட்டத்துக்குப் போதும். அடுக்குத் தோல் டிப்பா ஒற்றைத் தோலா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அடுக்கு டிப் சீராக நடந்துகொள்ளும், ஒற்றைத் தோல் விலை குறைவு. அவ்வளவுதான்.

பட்: கண்ணுக்குத் தெரியாத பகுதி

அழகான மரம் பெரும்பாலும் நிலையில்லாத மரம். ரேகை சுழன்று சுழன்று ஓடுவதுதான் அழகு, அதுவே அது முறுக்கிக்கொள்வதற்கும் காரணம். இதற்கு மருந்து, ஃபோர்ஆர்ம் கட்டையின் நடுவில் நீளவாக்கில் 19 மி.மீ. துளை போட்டு, உள்ளே நேரான ரேகையுள்ள மேப்பிள் தண்டைச் செருகி ஒட்டிவிடுவது. அலங்கார மரம் தோலாகிவிடும், மேப்பிள் எலும்பாகிவிடும். இதில் இன்னொரு லாபம் எடை: கருங்காலி தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம், முழுக் கருங்காலி ஃபோர்ஆர்ம் கியூவின் முன்பக்கத்தைக் கீழே இழுக்கும், நடுவில் மேப்பிள் வைத்தால் அது சமப்படும். தண்டுக்கும் துளைக்கும் நடுவே பசைக்கென்று ஒரு நூலிழை இடைவெளி வேண்டும், இறுக்கமாகச் செருகினால் பசை முழுவதும் வழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். தண்டின் மேல் நீளவாக்கில் மெல்லிய பள்ளம் ஒன்று வெட்டிக்கொண்டால் உள்ளே மாட்டிய காற்றும் அதிகப் பசையும் அந்த வழியாக வெளியேறும்.

அடுத்தது ஏ-ஜாயிண்ட், ஃபோர்ஆர்மும் ஹேண்டிலும் சேரும் இடம். கியூவில் வரும் வேண்டாத சத்தங்களில் பல இங்கிருந்துதான் வரும். ஹேண்டிலின் முனையில் ஒரு குமிழ், ஃபோர்ஆர்மில் அதற்குப் பொருந்தும் குழி, இரண்டையும் துளைத்துப் போகும் மரையுள்ள ஒரு போல்ட். குமிழ் குழியின் அடியில் முட்டக் கூடாது. முட்டினால் வெளி விளிம்பு சரியாக மூடாது. விளிம்பு மூடி, உள்ளே ஒரு சிறு இடைவெளி பசையால் நிரம்பி இருக்க வேண்டும். இங்கேயும் காற்றுக்கு வழி விடுங்கள், மூடிய குழிக்குள் பசையோடு திருகினால் அழுத்தம் மரத்தையே பிளந்துவிடும். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி இங்கே வேண்டாம், மெதுவாக இறுகுவதை வாங்குங்கள், ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள்.

பாயிண்ட்டுகள்

இரண்டு வழி. முழுப் பிணைப்பில், இரண்டு கட்டைகளை நீண்ட பற்களாக அறுத்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி ஒட்டுகிறார்கள். முன்மரம் பின்மரத்துக்குள்ளேயே இறங்கிவிடுவதால் நடுவில் தனி ஏ-ஜாயிண்ட் கிடையாது. அடியின் உணர்வு கைக்கு நேராக வரும் என்று இதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சிதான். அறுப்பது பெரிய வேலை. இன்னொன்று அரைப் பிணைப்பு: ஃபோர்ஆர்மில் 90 பாகை வி வடிவப் பள்ளங்கள் நான்கு வெட்டி, அவற்றில் வேறு நிற மரச் சட்டங்களை ஒட்டி, பிறகு எல்லாவற்றையும் சேர்த்துக் கடைவது. பள்ளம் ஹேண்டில் பக்கம் ஆழமாகத் தொடங்கி ஜாயிண்ட் பக்கம் மேலேறி மறையும், அந்த மறைவிடம்தான் கூர்முனை.

நான்கு முனைகளும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். இது ஏன் கஷ்டம் என்பதற்கு ஒரு கணக்கு. 300 மி.மீ. தூரத்தில் பள்ளம் 10 மி.மீ. ஆழத்திலிருந்து பூஜ்யத்துக்கு ஏறுகிறது என்று வையுங்கள், சரிவு முப்பதுக்கு ஒன்று. அப்படியானால் கட்டை மையத்திலிருந்து 0.1 மி.மீ. விலகியிருந்தால் ஒரு பக்கத்து முனை 3 மி.மீ. நீளும், எதிர்ப்பக்கம் 3 மி.மீ. குறையும். இரண்டுக்கும் வித்தியாசம் 6 மி.மீ., அறையின் மறுகோடியிலிருந்து தெரியும். இதே காரணத்தால் ஒட்டிய பிறகு ஒவ்வொரு வெட்டிலும் முனைகள் கீழே இறங்கிக்கொண்டே வரும்: அரை மி.மீ. சதை எடுத்தால் 15 மி.மீ. போச்சு. எனவே பள்ளம் வெட்டும் முன்பே இறுதித் தடிமன் என்ன என்று முடிவு செய்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும், பள்ளம் வெட்டிய மையங்களையே கடைசி வரை வைத்திருக்க வேண்டும், நடுவில் புது மையம் குத்தினால் எல்லாம் போயிற்று.

வெனீர் வைப்பதானால் சாயம் ஏற்றிய மேப்பிள் தாள்களை, ஒவ்வொன்றும் அரை மி.மீ.க்குச் சற்றே கூடுதல், சட்டத்தின் இரண்டு அடுத்தடுத்த பக்கங்களில் அடுக்கி ஒட்டுங்கள். மூலையில் இரண்டு பக்கத் தாள்களும் 45 பாகையில் சந்திக்க வேண்டும். ஒரு பக்கம் மற்றதன் மேல் ஏறியிருந்தால் முனையில் நிறக் கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் கோணலாக நிற்கும். சட்டத்தைப் பள்ளத்தில் வைத்துப் பசை போட்டதும் ரப்பர் பட்டையால் முனையிலிருந்து முனை வரை நெருக்கமாகச் சுற்றி இறுக்குங்கள், கிளாம்ப் போட்டால் அழுத்தம் சீராக விழாது.

கணினி எந்திரத்தில் பள்ளம் குடைந்து பதிக்கும் பாயிண்ட்டுகளை மட்டமாகப் பேசுவது ஒரு நாகரிகமாகிவிட்டது. பதிப்பு வேலையும் வேலைதான். வெட்டும் பிளேடு உருண்டை என்பதால் மூலைகள் மழுங்கி வரும், நல்ல கைகாரர் அந்த மூலைகளைக் கத்தியால் கூராக்கிப் பதிப்பார். லென்ஸ் வைத்து மூலையைப் பாருங்கள், செய்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

முதல் பட்டுக்கு இது எதுவும் வேண்டாம். ஒரே மரத்தில் பாயிண்ட் இல்லாமல் செய்யுங்கள். இல்லை, பாயிண்ட் வேண்டும் என்று தோன்றினால் ஒட்டி முடித்த பிளாங்க் கட்டையை விலைக்கு வாங்கிக் கடையுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. புரூக்ளினில் 1959 முதல் கியூ செய்து, 1975இல் இறக்கும்வரை அமெரிக்கப் பூல் உலகின் மிகப் பெரிய பெயராக இருந்த ஜார்ஜ் பாலபுஷ்காவே பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் கியூக்களின் பிளாங்கையும், பிறகு பர்ட்டன் ஸ்பெயின், கஸ் சாம்போட்டி ஆகியோர் செய்து கொடுத்த பிளாங்கையும் வைத்துத்தான் வேலை செய்தார். அந்தக் கட்டைகளை வைத்துக்கொண்டு அவர் செய்ததுதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

ஜாயிண்ட் பின்

பின் வகைகள் நிறைய. 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை உள்ள பின், உலோகக் காலரோடும் ஷாஃப்ட்டுக்குள் பித்தளைச் செருகலோடும் வருவது பழைய பாணி. 3/8 அங்குலம், 10 மரை என்பது பெரிய மரை. ஷாஃப்ட்டின் மரத்திலேயே நேரடியாக மரை போட்டு, மரமும் மரமும் முகத்தோடு முகம் சேரும்படி செய்யலாம். தொடங்குகிறவருக்கு இரண்டாவதுதான் சொல்வேன், பொருள் குறைவு, பிழை வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். மரத்தில் மரை போட்டதும் நீர்த்த சூப்பர் குளூவை உள்ளே ஊறவிட்டு, நன்றாக இறுகிய பிறகு மரை வெட்டும் டேப் கருவியை மறுபடி ஒரு முறை ஓட்டுங்கள், மரை கல் மாதிரி ஆகிவிடும்.

துளையை டிரில்லால் மட்டும் போடாதீர்கள். டிரில் ரேகையின் மெல்லிய பக்கம் சாய்ந்து போகும். சின்னதாக டிரில் போட்டு, பிறகு லேத்தில் போரிங் கருவியால் பெரிதாக்கினால் துளை மையத்தில் வரும். பின்னை ஒட்டியதும் பட் துண்டை லேத்தில் சுற்றவிட்டு, பின்னின் மேல் டயல் கேஜ் எனும் நுண்விலகல் அளக்கும் கருவியின் முள்ளை வையுங்கள். முள் 0.02, 0.03 மி.மீ.க்கு மேல் ஆடினால் இறுகும் முன்பே சரிசெய்ய வேண்டும். இரண்டு துண்டையும் திருகி விளக்குக்கு நேராகப் பிடித்தால் ஜாயிண்ட்டில் வெளிச்சம் ஒழுகக் கூடாது.

ரேப் (கைப்பிடிச் சுற்று), பூச்சு

லினன் நூல் சுற்றுவதானால் ஹேண்டிலில் ஏறக்குறைய ஓர் அடி நீளத்துக்கு நூலின் கனமளவு பள்ளம் கடைந்து, லேத்தை மிக மெதுவாகச் சுற்றவிட்டு, நூலை ஒரே இழுவையில் இடைவெளி விடாமல் ஏற்றுங்கள். கடைசிச் சில சுற்றுக்கு அடியில் நுனியைக் கோத்து இழுத்துவிட்டால் முடிச்சே தெரியாது. பிறகு நூலை ஈரப்படுத்திக் கனமான கண்ணாடியாலோ உருக்கு உருளையாலோ அழுத்தி உருட்ட வேண்டும், அப்போதுதான் மேடும் பள்ளமும் போய்க் கைக்கு ஒரே தளமாகும். வியர்க்கும் கைக்கு லினன், வழுக்கும் கைக்குத் தோல். எதுவும் சுற்றாமல் மரத்தையே விடுவதும் அழகுதான், ஆனால் அப்படி விட்டால் ஏ-ஜாயிண்ட்டின் கோடு வெளியே தெரியும், ஆகவே அதைத் துல்லியமாகச் செய்திருக்க வேண்டும்.

பூச்சுக்குப் பலரும் இப்போது கார்களுக்கு அடிக்கும் இரண்டு கூறுள்ள யூரித்தேன் கிளியர் பயன்படுத்துகிறார்கள். பளபளப்பு அருமை, ஆனால் அதன் கடினமாக்கியில் ஐசோசயனேட் இருக்கிறது, துணி முகமூடி அதைத் தடுக்காது, வெளிக்காற்றைக் குழாயில் தரும் கவசம் இல்லை என்றால் ஸ்ப்ரே வேலையை அந்த வசதி உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பசையுள்ள மரங்களில் பூச்சு பிடிக்காமல் உரிந்து வரும்; முதலில் மெல்லிய எபாக்சி பூச்சு ஒன்று கொடுத்து மரத்தை மூடினால் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு பூச்சுக்கு இடையிலும் தேய்த்து, முடிவில் 800, 1500, 2000 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் பஃப். ஷாஃப்ட்டுக்கு இந்தப் பூச்சு கூடவே கூடாது, கை ஒட்டும். லேசான சீலர், கொஞ்சம் மெழுகு, வேகமாகச் சுற்றவிட்டுத் துணியால் சூடேறும் அளவு தேய்ப்பது, போதும்.

எடையும் கடைசிச் சோதனையும்

பட்டின் பின்முனையில் துளை போட்டு எடை போல்ட் ஒன்றைத் திருகினால் எடையைக் கூட்டலாம், ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராம் சொச்சம். ஆனால் அங்கே கூட்டும் ஒவ்வொரு கிராமும் சமநிலைப் புள்ளியைப் பின்னுக்குத் தள்ளும். புள்ளி பின்முனையிலிருந்து 18, 19 அங்குலத்தில் நின்றால் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும். போல்ட்டை நம்பாமல் மரத் தேர்விலேயே எடையைக் கொண்டுவருவதுதான் நல்ல வேலை, போல்ட் ஒட்டுப்போடும் அளவுக்கு இருந்தால் சரி.

நேராக இருக்கிறதா என்று மேசையில் உருட்டிப் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கும்போது ஷாஃப்ட்டுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் உடனே பயப்பட வேண்டாம், டேப்பர் காரணமாக இடைவெளி இருக்கத்தான் செய்யும். உருளும்போது அந்த இடைவெளி கூடிக் கூடிக் குறைந்தால்தான் வளைவு. ஷாஃப்ட்டைத் தனியாக, பட்டைத் தனியாக, பிறகு இரண்டையும் மாட்டி என்று மூன்று முறை பாருங்கள். தனித்தனியாக நேராக இருந்து சேர்த்தால் ஆடுகிறது என்றால் குற்றம் ஜாயிண்ட் முகத்தில். அடுத்து, கியூவை நேராகப் பிடித்து ரப்பர் பம்பரைத் தரையில் லேசாகத் தட்டிக் காது கொடுங்கள். ஏதாவது கிர்ரென்று அதிர்ந்தால் முதலில் பம்பர் திருகையும் எடை போல்ட்டையும் இறுக்கிப் பாருங்கள், அதன் பிறகு ஃபெரூல். அவை எதுவும் இல்லை என்றால் ஏ-ஜாயிண்ட். அதற்கு வைத்தியம் கிடையாது, புதுப் பட்தான்.

கொடுப்பதற்கு முன் ஒரு மாதமாவது உங்களிடமே வைத்து, நடுநடுவே எடுத்து உருட்டிப் பாருங்கள். ஷாஃப்ட்டுகளை எப்போதும் இரண்டாகச் செய்து கொடுங்கள், ஒரே கட்டைத் தொகுதியிலிருந்து, ஒரே எடையில். வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டியது: வெயிலில் நிற்கும் காருக்குள் விடாதே, சுவரில் சாய்த்து வைக்காதே, ஷாஃப்ட்டை ஈரத்துணியால் துடைத்தால் உடனே காய்ந்த துணியாலும் துடை. டிப்பும் ரேப்பும் தேய்ந்து போகிற பொருள்கள், அவற்றை மாற்ற உங்களிடமே கொண்டுவரச் சொல்லுங்கள், வரும்போதெல்லாம் ஏ-ஜாயிண்ட்டையும் ஒரு முறை தட்டிக் கேட்டுவிடலாம்.